காத்திருப்புக் காலம் ஆறு வாரம்

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வடக்கே ஊர் சுற்றக் கிளம்பினேன். மதுரை ரயில் நிலையத்துக்கு வழியனுப்ப வந்த முனீஸ்வரி சித்தி, "சன்னலோரம் உக்காராத. கதவுப் பக்கம் நிக்காத. கீழ் பெர்த்துல படுக்காத, மேல உள்ளது அறுந்து விழும்" என்றாள். "அப்ப நான் எங்கிட்டுத்தான் போறது?" "போகாத!"

ரயில் நகர்ந்ததும் சித்திக்கு மூச்சு முட்ட, சித்தப்பா ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். சோதித்துப் பார்த்ததில் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, பயம்தான் என்றார்கள்.

விளாங்குடியில் சித்தி இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஒரு வீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், மின்விசிறி, மாடிப்படி, மொட்டைமாடித் தொட்டி எல்லாவற்றிலும் ஆபத்தைக் காட்டிவிடுவாள். கையெழுத்துப் போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். சித்தி தூங்கமாட்டாள்.

ஆஸ்பத்திரியில் சித்தியைப் பசுமலையில் உள்ள ஒரு மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். அங்கே பெஞ்சில் ராதாமணி அக்கா உட்கார்ந்திருந்தார். எட்டு வருடமாகச் சித்தியின் பாலிசிக்குப் பிடிகொடுக்காத சௌராஷ்டிரா ஜவுளிக்கடைக்காரர்.

"ஏஜெண்டம்மா, இங்கயுமா வந்துட்டீங்க? டாக்டரு, நான் இல்லைன்னு சொல்லிருங்க!"

இருவருக்கும் ஒரே நோய், தீராத பதற்றம். மாத்திரைகள்தான் வேறு. சித்தி பாலிசி நோட்டீஸின் பின்பக்கம் கட்டம் போட்டு ஒப்பிட்டாள். 'குளோனசெபாம்: அரை மணியில் பலன். தூக்கம் வரும், பழகிவிடும், கொஞ்ச நாளைக்கு மட்டும்.' (அதைப் போட்டுக்கொண்டுதான் ஒரு வீட்டில் "அகால மரணம்" என்று சொன்ன கையோடு சோபாவில் குறட்டை விட்டாள்.) 'எசிட்டலோபிராம்: காத்திருப்புக் காலம் ஆறு வாரம். முதலில் வயிறு புரட்டும். ராதாமணி அக்காவின் டுலாக்செட்டின்: அதே காத்திருப்பு. வாய் வறளும். முதுகு வலி குறைந்தது போனஸ்.' கடைசி வரி: 'டாக்டரைக் கேட்காமல் பாதியில் நிறுத்தி சரண்டர் செய்யக் கூடாது.'

ஏழாவது வாரம், பாலிசியில் கையெழுத்துப் போட இருந்த ஒருவர் பேனாவும் கையுமாக, "மழையில சுவரு விழுந்துட்டா?" என்று கேட்டார். சித்தி சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்லாத்தானண்ணே இருக்கு, விழாது" என்றாள். அவர் பேனாவை மூடிவிட்டார்.

ஐந்து மாதம் சுற்றிவிட்டு, வழியில் விழுந்து முழங்காலில் போட்ட கட்டோடு நான் திரும்பி வந்தபோது, சித்தி அதைப் பார்த்து, "ஆறிரும்" என்று சொல்லிவிட்டு எனக்குத் தோசை ஊற்றினாள். நான்தான் பயந்துபோனேன்.

"பயம் போச்சுடி. கூடவே பொழப்பும் போகுது. மூணு மாசமா ஒரு பாலிசி விழல. மாத்திரைய நிப்பாட்டிரவா?"

"தூக்கம்?"

"அம்புட்டுச் சுகமா வருது."

கட்டம் போட்ட நோட்டீஸை எடுத்துக் கடைசி வரியைக் காட்டினேன்.

"நான் எழுதுனத எனக்கே விக்கிறியா?" என்று சிரித்து, இரண்டாவது தோசையைக் கருகவிட்டாள். மாத்திரையை விடவில்லை.

ஏழு மாதம் கழித்து, நான் மறுபடி எங்கோ ஒரு ரயிலில் இருந்தபோது சித்தியிடமிருந்து செய்தி வந்தது.

"ராதாமணி அக்கா பாலிசி போட்டுட்டாங்க! நான் பயமுறுத்தவே இல்ல. நல்ல திட்டம், இஷ்டம்னா போடுங்கன்னேன், அம்புட்டுத்தான். எட்டு வருசமா என்னப் பாத்துத்தான் பயந்தாங்களாம். நீ சன்னலோரமே உக்காரு, காத்து நல்லா வரும்."