மண் பூசி அடைத்த ஓட்டை

சகாயமேரி வென்றெடுத்தவை: மண்டி மொஹல்லா என்ற கன்னடப் பேட்டையில் பிறத்தியார் வீட்டுச் சுவரில் இரண்டு ஓட்டைகள், யாராலும் விரட்ட முடியாத ஒருத்தியை வழியனுப்பி வைத்தவள் என்ற பெயர், தன் மகளின் மூச்சு. அவளோ பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், வாடகைக்குக் குடியிருந்தவள், பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் தேறாதவள். எதிரே நின்றவர்கள் உயிரோடிருந்த வீட்டுக்காரரும், செத்துப்போன அவர் மருமகளும்.

பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்று பின்னறை ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் பழந்துணி திணித்து, கதவடியில் கோணிச் சாக்கைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அறை மூலையில் அரைச்சுவர்த் தடுப்புக்குப் பின்னால் குளிக்கும் இடம். அங்கே ஒரு செம்புப் பாய்லர். நடுவில் கரி கனன்றுகொண்டிருக்க, சுற்றிலும் தண்ணீர் காயும். தாய்க்கும் சேய்க்கும் வெந்நீர் ஊற்ற மாரியம்மா தினமும் வருவாள். கொள்ளேகால் பக்கத்துக்காரி.

குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் போன பிறகுதான் அது வரும். முதலில் நெற்றிப் பொட்டில் யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல இருக்கும். பிறகு நெஞ்சில் ஏறி உட்காரும். கண் திறந்திருக்கும், கை எழும்பாது. தொட்டிலில் பிள்ளை அழத் தொடங்கி, நூல் அறுந்தாற்போல நடுவிலேயே நின்றுவிடும். எப்படியோ முற்றத்துக்குத் தவழ்ந்து போய்விட்டால் மெல்ல மெல்லத் தெளியும்.

“அது நஞ்சம்மா, கண்ணு,” என்றாள் மாரியம்மா. “ஊட்டுக்காரரு மருமவ. இந்த ரூம்லதான் பிள்ளை பெத்துக் காச்சல்ல போனா. பச்சப்புள்ளையக் கண்டா உடமாட்டா. போன வருசம் இங்க குடியிருந்தவங்க புள்ளையும் இப்பிடித்தான், பால் குடிக்காம வாடியே போச்சு.”

“எனக்கு மாதா இருக்காங்க.” சகாயமேரி நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டாள்.

“மாதா இருக்கட்டும். வேப்பிலையும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டுமே. ரெண்டும் சண்டையா போடப்போவுது?”

மறுநாள் பிள்ளை பால் குடிக்கவில்லை.

அன்று மாரியம்மா சாம்பிராணித் தட்டைப் பாய்லர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். புகை மேலே போகவில்லை. தடுப்புச் சுவரைச் சுற்றி வந்து ஆள் உயரத்துக்கு நின்றது. பிறகு தலை குனிந்தாற்போலத் தொட்டிலை நோக்கி நகர்ந்தது. தொட்டிலுக்கு மேல் அது கவிந்தபோது சகாயமேரி கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தாள். பிள்ளையை வாரி இழுத்து, முழங்காலால் ஊர்ந்து, கதவைத் தள்ளினாள். கோணிச் சாக்கு விலகியது.

வாசல் காற்றுப் பட்டதும் அந்த உருவம் இடுப்பில் ஒடிந்தது. வந்த வழியே திரும்பிப் போய், பாய்லருக்கு மேலே சுவரில் ஓர் இடத்தில் முட்டியது. அங்கே வட்டமாக மண் பூசியிருந்தது. போக வழியில்லாமல் அங்கேயே சுருண்டு சுருண்டு நின்றது.

முற்றத்தில் வெகுநேரம் கழித்துப் பிள்ளை தும்மியது. பிறகு வீறிட்டு அழுதது.

“அந்த மண் வட்டம் என்னக்கா?” என்று மாரியம்மா வந்ததும் சகாயமேரி கேட்டாள்.

“பாய்லர் கொழா வெளிய போற ஓட்டை. நஞ்சம்மா அது வழியா உள்ள வந்துருவாளோன்னு அடைச்சுட்டாங்க. கொழாயையும் கழட்டியாச்சு. கனிஞ்ச கரிக்குப் பொகை ஏது, கொழா எதுக்கு?”

“அவ நெஞ்சுல உக்கார ஆரம்பிச்சது அடைக்கிறதுக்கு முன்னாலயா, அப்புறமா?”

மாரியம்மா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். “பொறவுதான்,” என்றாள் மெல்ல.

அன்றிலிருந்து சகாயமேரி அந்த அறைக்குள் படுக்கவில்லை. ஆனால் மார்கழிப் பனியில், திறந்த முற்றத்தில், பச்சைக் குழந்தை எத்தனை நாள் தாங்கும்? கணவன் வால்டர், வீட்டுக்காரரோடு வம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நஞ்சன்கூட்டு வேலைக்குப் போய்விட்டான். அவள் அண்ணன் சூசைநாதனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் உளியும் தகரக் குழாயுமாக வந்தான்.

“மேல ஒண்ணு போதாதுண்ணா. கதவைத் திறந்தப்பதான் புகை திரும்பிப் போச்சு. கீழ ஒண்ணு வேணும், காத்து உள்ள வர. மேல ஒண்ணு, கெட்டது வெளிய போக.”

உளிச் சத்தம் கேட்டு வீட்டுக்காரர் நஞ்சுண்டசாமி ஓடிவந்தார். “பேடம்மா, பேடா! வேண்டாம்! அடைச்ச வழியைத் திறந்தா அவ உள்ள வந்துடுவா!”

“வர்றதுக்கு இல்ல சாமி. இத்தனை நாளா உள்ளயே அடைஞ்சு கெடக்கறா. வெளிய போகத்தான் வழி கேக்கறேன்.”

கிழவர் அந்த மண் வட்டத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். “உடை. நின்னு பாக்கறேன். உள்ள வந்தா அப்பவே அடைச்சுடணும்,” என்றார்.

கதவுக்குப் பக்கத்தில் தரையோரமாக ஒரு செங்கல் பெயர்ந்தது. மேலே மண் உதிர்ந்தது. குழாயைப் பொருத்திக் கரி மூட்டி, சாம்பிராணியைப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். புகை எழுந்து நின்றது. தொட்டில் பக்கம் ஒருமுறை அசைந்தது. பிறகு யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டாற்போலத் திரும்பி, குழாய் ஓரமாய் ஏறி, சுவருக்குள் போனது. போகும்போது ஓட்டையில் மெல்லிய விசில் ஒன்று கேட்டது. கிழவர் வீட்டுக்குப் பின்னாலிருந்த சந்துக்கு ஓடினார். சுவரிலிருந்து புகை வெளியேறுவதை அண்ணாந்து பார்த்துக் கை கூப்பினார். “ஹோகு மகளே, போய் வா,” என்றார்.

திரும்பி வரும்போது வீட்டுக்காரராகிவிட்டிருந்தார். “ஓட்டை இருக்கட்டும். ஆனா சுவரை உடைச்சது நான்தான், என்ன ஆனாலும் நானே பொறுப்புன்னு எழுதிக் குடு.”

“நான் போடறேன் கையெழுத்து,” என்றான் சூசைநாதன்.

“குடியிருக்கிறது நீயா? அவ போடணும். கைரேகை கூடாது. யாரோ கையப் புடிச்சு வெச்சுட்டாங்கன்னு நாளைக்கு அவ புருஷன் வந்து சண்டைக்கு நிப்பான்.”

“எழுதிக் காட்டுண்ணா,” என்றாள் சகாயமேரி.

பிள்ளை மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. அவன் முற்றத்துத் தரையில் கரித்துண்டால் அவள் பெயரை எழுதினான். அதன் மேலேயே அவள் விரல் போய்ப் போய் வந்தது. ‘ச’ கவிழ்ந்தது, ‘ரி’ படுத்துக்கொண்டது. அழித்து அழித்து எழுதினாள். வெளிச்சம் போகுமுன், அண்ணன் எழுதிவைத்த காகிதத்தைக் கேட்டு வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓர் எழுத்தும் விடாமல் கையெழுத்துப் போட்டாள். அன்று தேதி 1952 டிசம்பர் 19.