சோளக்காட்டில் கண்ணால் பார்த்தது

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை தொடங்கச் சில வாரங்கள் இருந்தபோது, கொல்லிமலை சோளக்காட்டில் ஒரு காட்சியைப் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் என் மனைவி இன்று உயிரோடு இருந்திருப்பாளோ என்று நினைக்காத நாளே கிடையாது.

நான் சேந்தமங்கலத்தில் மிளகு வியாபாரம் செய்பவன். வாரத்துக்கு இரண்டு முறை மலைக்குப் போய் விவசாயிகளிடம் சரக்கு எடுப்பேன். என் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இளைப்பு உண்டு. மழைக்காலம் வந்தால் மூச்சு இழுக்கும். உறிஞ்சுகிற மருந்து தலையணைக்கு அடியிலேயே இருக்கும். வீட்டில் நான் மூட்டையைப் பிரித்தால் தும்மிக்கொண்டே, "உங்க யாவாரத்தைக் கட்டிக்கிட்டு நான்தாங்க அவதிப்படறேன்" என்று கேலி செய்வாள்.

அந்த வருடம் நாமக்கல்லில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், மழைக்கு முன்பே அவளுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிடச் சொன்னார். கை வலிக்கும், ஒருநாள் காய்ச்சல் மாதிரி இருக்கும் என்றார். நான் விடாமல் துருவிக் கேட்டதும், நரம்பு பாதித்துக் கை கால் தளர்ந்துபோவது மிக மிக அபூர்வமாக நடப்பதுண்டு என்றும் சொன்னார். ஆனால் இளைப்பு உள்ளவருக்கு ஃப்ளூ வந்தால், அதுதான் பெரிய ஆபத்து என்றார். எதையும் மறைக்கவில்லை அந்த மனிதர்.

"இன்னைக்கே போட்டுக்கலாமுங்களா?" என்று மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த வாரம் வரலாம் என்று கூட்டி வந்துவிட்டேன். சரக்கானாலும் பேச்சானாலும் முதல் நாளே ஒத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் வியாபாரப் புத்தி. ஆஸ்பத்திரியிலும் அந்தப் புத்தியைத்தான் காட்டினேன்.

அந்த வாரமே சோளக்காட்டில், எனக்குப் பல வருடங்களாக மிளகு கொடுக்கும் விவசாயி ஒருவரை இரண்டு பேர் ஆட்டோவிலிருந்து தூக்கி இறக்கினார்கள். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்துச் சரசரவென்று ஏறி மிளகு பறிக்கிற ஆள். கால் இரண்டும் துணி மாதிரித் தொங்கின. "சக்கரைக்குப் பாக்கப் போனவருக்கு ஃப்ளூ ஊசி போட்டாங்களாம், காலு போயிருச்சு" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். அவர் பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. பயத்தில் நேராக வண்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், "நான் கண்ணால பாத்துட்டு வந்தேன். ஊசி வேண்டாம்" என்றேன்.

"அபூர்வம்னுதானுங்களே டாக்டர் சொன்னாரு?"

"உனக்குக் கால் போச்சுன்னா யாரு பாக்கறது?"

மூன்று வாரம் கழித்து, மழை பிடித்துக்கொண்ட அன்று அவள் மறுபடி கேட்டாள். "மூச்சு முட்டற மாதிரியே இருக்குதுங்க. போட்டுக்கிட்டா என்னங்க?" நான் எரிந்து விழுந்தேன். மூன்றாவது முறை அவள் கேட்கவே இல்லை.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்தது. சாதாரணச் சளிதான் என்று மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூன்று இடத்தில் நிறுத்தினாள். உறிஞ்சும் மருந்து கேட்கவில்லை. நாமக்கல் கொண்டு போனோம், அங்கிருந்து சேலத்துக்கு அனுப்பினார்கள். ஃப்ளூ என்று சோதனையில் தெரிந்தது. நுரையீரல் இரண்டிலும் நிமோனியா. ஒன்பதாவது நாள், சாயங்காலம் அஸர் தொழுகைக்கு நான் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரத்தில் மூச்சு நின்று மௌத்தாகிவிட்டாள். அப்போது நான் அவளுக்காகத்தான் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நாமக்கல் டாக்டரிடம் போய்க் கேட்டேன். "உறுதியாச் சொல்ல முடியாதுங்க. போட்டவங்களுக்கும் ஃப்ளூ வரலாம். ஆனா இவ்வளவு மோசமாகாம இருந்திருக்க வாய்ப்பு இருந்துச்சு" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அந்த 'வாய்ப்பு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அழவும் முடியவில்லை, ஆறவும் முடியவில்லை.

மாசி மாதம் அறுவடை தொடங்கியதும் வேறு வழியில்லாமல் மலைக்குப் போனேன். சோளக்காட்டில் அந்த விவசாயி ஒரு கோலை ஊன்றிக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தார். ஆம், நடந்து வந்தார்.

"பாய், உங்க ஊட்டம்மா தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டனுங்க. இந்தக் காலை வெச்சுக்கிட்டு இறங்கி வர முடியலீங்க" என்றார்.

எனக்கு அடக்க முடியவில்லை. அவரைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் மனைவிக்கு ஊசி வேண்டாம் என்று சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே, சாமி" என்றார். "ஊசிக்கு முன்னாலயே எனக்கு நாலஞ்சு நாள் வயித்தால போயி காய்ச்சலும் வந்துச்சுங்க. அதுலயும் இப்படி ஆகலாம், ஊசியிலயும் ஆகியிருக்கலாம், எதுன்னு சொல்ல முடியாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. இனிமே என்னைய மட்டும் டாக்டரைக் கேக்காம போட்டுக்க வேண்டாம்னாங்க. எங்கூட்டுக்காரிக்கும் இளைப்புங்க. அவளுக்கு உடனே போட்டுட்டனுங்க."

"உங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

"பயந்தானுங்க. ஆனா எனக்கு வந்தது ஊருக்கே ஒருத்தனுக்கு வந்தது. அவளுக்கு மூச்சு இழுக்கறதை வருசா வருசம் பக்கத்துல உக்காந்து பாக்கறனுங்களே."

நானும்தான் இருபத்தாறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மூட்டை மிளகு வாங்குவதென்றால் மூன்று இடத்தில் குத்தூசி விட்டு உள்சரக்கை எடுத்துப் பார்க்காமல் வாய் திறக்க மாட்டேன். மேலே தெரிகிற ஒரு கைப்பிடி மிளகை நம்பி விலை சொன்னால் மலையே சிரிக்கும். என் மனைவியின் உயிர் விஷயத்தில் அந்த மேல் கைப்பிடியை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். ஊசியால் வரக்கூடியதை ஆட்டோவிலிருந்து தூக்கி இறக்கிக் காட்டியதால் அது பெரிதாகத் தெரிந்தது. தலையணைக்கு அடியில் மருந்து இருந்தது பழகிப்போய்விட்டதால் இளைப்பின் ஆபத்து கண்ணிலேயே படவில்லை. அதுவும் அவளுடைய உடம்பு, அவளுடைய மூச்சு. இரண்டு தடவை அவளே கேட்டாள். முடிவு சொல்ல நான் யார்?

இப்போது நான் வருடா வருடம் போட்டுக்கொள்கிறேன். மகள் சேலத்திலிருந்து வந்து கூட்டிப்போகிறாள். "அத்தா, அம்மா போனது உங்களால இல்லை" என்கிறாள். நான் தலையாட்டுவேன். எது சின்ன ஆபத்து, எது பெரிய ஆபத்து என்று இன்று யார் கேட்டாலும் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியும். கேட்டவள் போய்விட்ட வீட்டில் அந்தத் தெளிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.