ஒரு தலையணைக்கு இரண்டு பேர்

1. வராத பெட்டி

மலேசியாவில், எங்கள் பத்தாங் பெர்ஜுந்தாய் ஊர்ப் பொது மண்டபத்தில் பாபின் லேஸ் வகுப்பு தொடங்கிய முதல் சனிக்கிழமையே தலைவலி. வந்திருந்த பெண்களில் பாதிப் பேருக்குத்தான் தலையணை இருந்தது. மீதித் தலையணைகள் இருந்த பெட்டி கூரியரில் மாட்டிக்கொண்டது.

தையல் பயிற்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மெஷின் மக்கர் பண்ணினால் சமாளிப்பேன். இந்த லேஸுக்குத் தலையணை இல்லாமல் ஒன்றும் ஆகாது. கெட்டியாக அடைத்த தலையணைமேல் பேட்டர்ன் அட்டையை வைத்து, ஓட்டை ஓட்டையாகக் குண்டூசி குத்தி, அதைச் சுற்றிப் பின்ன வேண்டும். நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள்தான் பாபின்.

"ரெண்டு ரெண்டு பேரா உக்காருங்க" என்று நானே ஜோடி சேர்த்தேன். பாக்கியம் அக்காவையும் தேவியையும் ஒரே தலையணையில் உட்கார வைத்ததும் மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்களை வேனில் ஏற்றிவந்த மீனா என் காதருகே வந்தாள்.

"டீச்சர், அவங்க மாமியார் மருமக. ஒரே வீடு, ஆனா பேச்சு இல்லலா. தேவி ஈஜோக்ல இருக்கிற ஃபேக்டரிக்கு வேலைக்குப் போறேன்னு சொன்னா. புள்ளைய யாரு பாக்குறதுன்னு மாமியார் கேட்டாங்க. அதோட சரி."

"அப்புறம் ஏன் ரெண்டு பேரும் வந்தாங்க?"

"ஒருத்தர் வர்றது மத்தவங்களுக்குத் தெரியாது. வேன்ல ஏறுனப்பதான் பாத்துக்கிட்டாங்க!"

இனி மாற்றி உட்கார வைத்தால் இருவருக்கும் அவமானம். விட்டுவிட்டேன்.

2. கிராஸ், டுவிஸ்ட்

நான்கு பாபின். நடுவில் கிடக்கும் இரண்டில் இடதைத் தூக்கி வலதின்மேல் போட்டால் கிராஸ். இரண்டு ஜோடியிலும் வலதை இடதின்மேல் போட்டால் டுவிஸ்ட். அடிப்படை இவ்வளவுதான்.

தேவி கெட்டிக்காரி. மார்க்கரை எடுத்து பாபின்களில் எண் எழுதினாள். நாலு தடவை போட்டதும் எண்கள் இடம் மாறி, எதை எடுப்பது என்று விழித்தாள்.

"எண்ணு கட்டைக்கு இல்லம்மா, இடத்துக்கு. ரெண்டாவது இடத்துல எது கிடக்குதோ அதுதான் இப்ப ரெண்டு" என்றேன்.

பாக்கியம் அக்காவுக்கு அது சட்டென்று பிடிபட்டது. நூலை அளவாக இழுத்துப் பிடிக்கவும் வந்தது. ஆனால் அட்டையிலிருந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. ஊசியைத் தப்பான இடத்தில் குத்தினார். திருத்தலாம் என்று நான் எழுந்தேன். அதற்குள் தேவி சொல்லிவிட்டாள்.

"அத்தை, அது பக்கத்து ஓட்டை."

பாக்கியம் அக்கா நிமிரவில்லை. குண்டூசியை மட்டும் அவள் பக்கம் நீட்டினார். "அப்ப நீ குத்து."

மதியத்துக்குள் அந்த மேசையில் ஒற்றை வார்த்தைகள் வந்துகொண்டே இருந்தன. பொறு. குத்து. இழுக்காத.

அடுத்த வாரம் பெட்டி வந்தது. ஆளுக்கொரு தலையணை கொடுத்தேன். பாக்கியம் அக்கா அதை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். "இருக்கட்டும் டீச்சர். எனக்கு ஓட்டை தெரியாது, இவளுக்கு நூலு நிக்காது."

3. அவிழ்த்தது

ஒரு சாண் பின்னிய பிறகுதான் ஆரம்பத்தில் ஒரு கிராஸ் விட்டுப்போனது தெரிந்தது. தேவிக்கு அழுகையே வந்துவிட்டது. "வெட்டிட்டுப் புதுசா போடலாம் டீச்சர்" என்றாள். பாக்கியம் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஊசிகளைப் பிடுங்கி, போட்டதையெல்லாம் தலைகீழாகப் போட்டு, இருவரும் அவிழ்த்தார்கள். மெதுவான வேலை. அந்த நேரத்தில்தான் என் காதில் விழுந்தது.

"ஃபேக்டரி பஸ்ஸு காலையில எப்ப வரும்?"

தேவியின் கை நின்றது. "விடியறதுக்கு முன்னாடி, அத்தை."

"அப்ப புள்ளைக்குப் பாலு கலக்கி வச்சிட்டுப் போ. மத்தத நான் பாத்துக்கிறேன்."

தேவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த ஊசியைப் பிடுங்கினாள்.

புதிய வகுப்பு தொடங்கியபோது பாக்கியம் அக்கா மட்டும் வந்தார், இடுப்பில் பேரனோடு. "தேவிக்கு இன்னிக்கு ஓவர்டைம் டீச்சர்" என்றார், மண்டபத்துக்கே கேட்கும்படி. நான் ஊசி டப்பாவை அலமாரிமேல் தூக்கி வைத்தேன்.

வகுப்பு எடுக்கப்போகும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். யாராவது தப்பாகப் போட்டால் திருத்த உடனே ஓடாதீர்கள். பக்கத்தில் இருப்பவள் வாயைத் திறக்கிறாளா என்று கொஞ்சம் பாருங்கள்.