அக்கா வயித்து டியூபும் நான் வுட்ட காத்தும்

எங்க அக்காவுக்கு ரெண்டு கொழந்தையும் ஆபரேஷன்ல பொறந்துது. அதுக்கப்பால வயிறு தொங்கிப் போச்சு. நான் சும்மா இருப்பனா? வண்ணாரப்பேட்டைல துணி எடுக்கப் போனா, கடைக்காரர் கிட்ட, "அண்ணே, இவங்களுக்கு எட்டு மாசம், லூசா காட்டு"ன்னுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. அவளும் சிரிப்பா. அதனால நானும் நிறுத்தல.

போன வருஷம் ஒரு நாள், தொங்குற தோலை வெட்டி எடுத்துத் தைக்கிற ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்னா. மாமா கப்பல் வேலைக்குப் போயிருந்தாரு. அம்மா ரத்தத்தைப் பாத்தாலே மயக்கம் போட்டுடும். கூட இருக்க நான் தான்.

ஆபரேஷன் முடிஞ்சு வூட்டுக்கு வரும்போது வயித்துலேர்ந்து ஒரு டியூபு. அதும் முனைல கொய்யாப்பழம் சைஸ்ல ஒரு ரப்பர் குண்டு, நைட்டில ஊக்கு குத்தி மாட்டியிருந்துது. உள்ள ஊறுற தண்ணியை அது இழுக்கும். காலைல ஒரு தபா, சாய்ந்தரம் ஒரு தபா மூடியத் தொறந்து ஊத்தி, அளந்து எழுதணும். ஆஸ்பத்திரிலேர்ந்து கெளம்பும்போது நர்சம்மா இன்னும் இன்னாவோ சொல்லிகினு இருந்துச்சு. நான் அக்கா காதுல, "ஜூஸ் கடை வெச்சிடலாமா?"ன்னேன். அவ சிரிக்கவும் முடியாம தையலைப் புடிச்சிகினா.

எனக்கு எண்ணூர் ரோட்டுல லாரி டயருக்கு பஞ்சர் ஒட்ற வேலை. எது சப்பையா கீதோ, அதைப் பாத்தா கை சும்மா இருக்காது. குண்டு சப்பையா இருந்துது. ஊத்திட்டு, காத்து ஏறி உருண்டையானதும் மூடி வெச்சேன். அமுக்கி காத்தை வெளிய தள்ளிட்டு மூடினா தான் அது இழுக்குமாம். நர்சம்மா சொன்னது அதைத் தான்.

மூணு நாள்ல தண்ணி வர்றது கொறஞ்சுது. "பாத்தியா என் கைராசி, காஞ்சு போச்சு"ன்னு சீன் போட்டேன். நாலாம் நாள் வயிறு உப்பிகினு வந்துது.

"இன்னாக்கா, மூணாவதா?"

அவ சிரிக்கல. மூஞ்சத் திருப்பிகினா. அழுவுறான்னு அப்பால தான் தெரிஞ்சுது.

டாக்டர் கிட்ட ஓடினோம். தோலுக்கடில தண்ணி கட்டியிருந்துது. தடியா ஒரு ஊசி குத்தி உறிஞ்சாரு. அக்கா என் கையப் புடிச்சிருந்தா, நகம் பதிஞ்சு போச்சு. அப்பால குண்டைப் பாத்துட்டு, "யாரும்மா இதை அமுக்காம மூடுறது? இன்னும் ஒரு வாரம் டியூபு இருக்கணும்"ன்னாரு.

"நான் தான் சார்"ன்னா அக்கா.

எதுக்கெடுத்தாலும் பேசுற வாய் எனக்கு. அன்னைக்கு தரையப் பாத்துகினு நின்னேன்.

ஆட்டோவுல கேட்டேன், "ஏங்க்கா பொய் சொன்ன?"

"உன்னைத் திட்டினா நீ ஓடிடுவ. அப்பறம் யாருடா பாத்துப்பா?" தையலைப் புடிச்சிகினு, "வயித்தைப் பத்தி பேசாத இனிமே. கடைல நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு நோவும்"ன்னா.

மன்னிச்சுக்கோக்கான்னு சொல்லணும். தண்டையார்பேட்டை தாண்டுச்சு, டோல்கேட் தாண்டுச்சு, வூடே வந்துடுச்சு. சொல்லல. இன்னிவரைக்கும் சொல்லல.

சாய்ந்தரம் ஊத்தி, குண்டை நல்லா அமுக்கி மூடி, அவ கிட்ட காட்டினேன்.

"ம்"ன்னா.