வளைக்கச் சொன்ன கம்பி

அத்தானுடைய காரின் கியர்க் கம்பியை வெட்டச் சொன்னவன் நான்தான். வளைத்துக்கொண்டு வா என்றுதான் அவர் என்னை அனுப்பினார். இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் ஒருவரிடமும் சேர்த்துச் சொன்னதில்லை. அக்கா உயிரோடு இருந்தவரை அவளிடமாவது சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அப்படி நினைத்துக்கொண்டிருப்பதிலும் ஒரு வசதி இருக்கிறது.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் வீடு இலுப்பைக்கடவையில். பள்ளிக்கூடத்துக்காக என்னை மன்னாரில் அக்கா வீட்டில் விட்டிருந்தார்கள். அக்காவின் புருஷனான அத்தான் முன்பு கடலுக்குப் போனவர். ஒருநாள் வலையில் கிடந்த திருக்கையை எடுத்தெறியும்போது அதன் முள் அவருடைய இடது உள்ளங்கையில் ஏறிவிட்டது. காயம் ஆறியது, ஆனால் நடுவிரலும் மோதிர விரலும் அதற்குப் பிறகு மடங்கவில்லை. வலை இழுக்க முடியாத கையோடு கடலில் என்ன செய்வது? வள்ளத்தில் தனக்கிருந்த பங்கை விற்று, பழைய இங்கிலாந்துக் கார் ஒன்றை வாங்கி, மன்னார் பஸ் நிலையத்தடியில் வாடகைக்கு ஓடத் தொடங்கினார். கை சுகமாகிவிட்டது என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தார். கை ஏலாதவனின் காரில் யார் பிள்ளைகுட்டிகளோடு ஏறுவார்கள்? சுகமாகவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். அதே வீட்டில் இருந்தபடியால் எனக்கும் தெரியும்.

கியர்க் கம்பி காரின் தரையிலிருந்து எழும்பி, உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்கு மேலே நீண்டு நிற்கும். அத்தான் அதை முன்னுக்குத் தள்ளும்போது உள்ளங்கையால் குமிழை அமத்துவார். பின்னுக்கு இழுக்கும்போது மணிக்கட்டைக் கொக்கிபோலக் கம்பியில் மாட்டி முழுக் கையாலும் இழுப்பார். பார்ப்பவர்களுக்கு அது ஒரு மிடுக்காகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. மடங்காத விரல்களையும் பார்த்திருந்தேன், இந்த இழுப்பையும் பார்த்திருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

கம்பியால் வந்த தொல்லை மடு மாதா கோயில் திருவிழாக் காலத்தில்தான். அந்த நாட்களில் கார் கொள்ளும் மட்டும் ஆட்களை ஏற்றுவார்கள். முன்னால் சாரதியோடு இன்னும் இரண்டு பேர். மற்றக் காலங்களில் முன்னால் ஆண்கள் இருப்பார்கள். திருவிழாவுக்கோ குடும்பம் குடும்பமாக வருவதால் பெண்களும் முன்னால் இருக்க நேரும். கம்பி பின்னுக்கு வரும்போதெல்லாம் அத்தானின் கை பக்கத்தில் இருப்பவரின் முழங்காலில் படும். முந்திய வருடம் ஒரு தகப்பன் பாதி வழியில் காரை நிறுத்தச் சொல்லி, மகளை இறக்கிப் பின்னால் ஏற்றி, தான் முன்னால் வந்து உட்கார்ந்து, மடு வரைக்கும் அத்தானோடு ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். அத்தான் வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடவில்லை. அடுத்த திருவிழாவுக்கு முன் இந்தக் கம்பிக்கு ஒரு வழி செய்யவேண்டும் என்று அக்காதான் சொன்னாள்.

பஸ் நிலையத்தடிக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டறை இருந்தது. அதன் வாசலில் வைத்துத்தான் ஆலோசனை நடந்தது. பக்கத்துத் தாராபுரத்து முஸ்லிம் அண்ணர் ஒருவரும் அங்கே வாடகைக் கார் வைத்திருந்தார்; நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவருடைய காரில் கியர்க் கம்பி குட்டையானது. இரண்டு விரலால் தட்டியே கியர் மாற்றுவார். பள்ளிக்கூடப் பொடியன்கள் அதைப் பார்ப்பதற்கென்றே அவருடைய காரைச் சுற்றி நிற்பார்கள்.

"கொழும்புக்குச் சொல்லியனுப்பு மச்சான்," என்றார் நானா. "மேல கம்பி மட்டுமில்ல, கீழ இருக்கிற சாமானும் வேற. முழுசா மாத்தோணும். பிறகு சும்மா தட்டினாக் காணும்."

"அது வந்து சேரேக்கை திருவிழா முடிஞ்சிடும்," என்றார் அத்தான்.

பட்டறைக்காரர் எழுந்து வந்து கம்பியை ஆட்டிப் பார்த்தார். "இதையே ஒரு சாண் வெட்டிக் குமிழை ஒட்டித் தாறன். ஆனா ஒண்டு. தூரம் குறையும், பாரம் கூடும். கையில பெலன் வேணும்."

அத்தான் இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "பெலனுக்கு என்ன குறை," என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "வளைச்சால்?"

"வளைச்சா நீளம் அப்பிடியே இருக்கும். முழங்காலை விலத்தி உன்ர பக்கம் சாஞ்சு நிக்கும். வடிவா மட்டும் இராது. கிழவன்ர ஊண்டுகோல் மாதிரி இருக்கும்."

நானா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. வகுப்பில் ஏற்கெனவே அந்தக் கம்பிக்குக் கிணற்றுத் துலா என்று பெயர் வைத்திருந்தார்கள். தண்ணி அள்ளப் போறியோ என்று என்னைக் கேட்பார்கள். இனி அது கோணல் துலாவாகவும் ஆகப்போகிறது.

அந்தச் சனிக்கிழமை அத்தான் கம்பியைக் கழற்றிச் சாக்கில் சுற்றி என்னிடம் தந்தார். அவர் காரின் அடியில் படுத்துக் கிறீஸ் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா முதல் பிரசவத்துக்காக இலுப்பைக்கடவைக்குப் போயிருந்தாள். "வளைக்கச் சொல்லு தம்பி. நீளம் குறையக்கூடாது எண்டு வடிவாச் சொல்லு," என்று காருக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

பட்டறைக்காரர் சாக்கைப் பிரித்தார். "என்னவாம் முடிவு?"

"வெட்டட்டாம்."

"வளைக்கிறதெண்டெல்லோ கதைச்சது?"

"பிறகு யோசிச்சவர். வெட்டச் சொல்லித்தான் விட்டவர்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இரும்பு அறுக்கும் வாளை எடுத்தார். வாள் இரும்பில் பாதி போகும்வரை எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாதிக்குப் பிறகு நிறுத்தச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் துண்டு கீழே விழுந்துவிட்டது.

அத்தான் சாக்கைப் பிரித்து, கம்பியைத் தன் முழங்காலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "வளைக்கத்தானே சொன்னனான்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நானும் அப்பிடித்தான் சொன்னனான். அவர்தான் வெட்டிப்போட்டார்."

சனிக்கிழமை அரைநாள் வேலைதான்; பட்டறையை அப்போது பூட்டியிருப்பார்கள். மறுநாள் ஞாயிறு. "திங்கக்கிழமை போய்ப் பாப்பம்," என்றார். நான் அன்றிரவு செபமாலையின்போது, திங்கட்கிழமை வராமலே இருக்கவேண்டும் என்று மன்றாடினேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அக்காவைப் பார்க்கப் புறப்பட்டோம். குட்டைக் கம்பி தரையோடு தாழ்ந்து நின்றது. மணிக்கட்டை மாட்டுவதற்கு அதில் இடமில்லை. பிடித்து இழுக்கவேண்டும்; பிடிப்பதற்கு விரல் வேண்டும். அத்தான் ஒவ்வொரு முறையும் வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் குறுக்கே நீட்டி இழுத்தார். அந்த நேரங்களில் கார் தன்பாட்டில் வீதியின் ஓரத்துக்குப் போனது. அவருடைய சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

வீட்டில் நாங்கள் போய் இறங்கும்போது அக்காவுக்கு வலி தொடங்கியிருந்தது. மருத்துவிச்சி வெளியே வந்து, "பிள்ளை குறுக்கால கிடக்குது. இஞ்ச வைச்சிருக்க ஏலாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ," என்றார். அடுத்த பஸ் பின்னேரம்தான். இருந்த கார் எங்களுடையதுதான்.

அக்காவை அம்மாவின் மடியில் சாய்த்துப் பின் ஆசனத்தில் கிடத்தினார்கள். அத்தான் என்னை முன்னால் ஏறச் சொன்னார். காரை எடுக்குமுன் என் பக்கம் குனிந்து, பின்னால் கேட்காதபடி சொன்னார். "நான் நம்பர் சொல்லுவன். சொன்ன உடன நீ போடு. ரெண்டு கையாலயும் பிடி."

"ஒண்டு" என்றார். தள்ளினேன். "ரெண்டு" என்றார். இழுத்தேன், வரவில்லை. கியர்ப்பெட்டி அலறியது. பின்னால் அம்மா செபத்தை நிறுத்தினார்.

"உதென்ன சத்தம்? ஆர் கியர் போடுறது?"

"தம்பிக்குக் கார் பழக்கிறன் மாமி," என்றார் அத்தான்.

"இப்பவோ பழக்கிற நேரம்? என்ர பிள்ளை இஞ்ச துடிக்குது. உமக்கு அறிவில்லையோ?"

அத்தான் வீதியைப் பார்த்தபடி ஓட்டினார். அக்காவுக்குக் காரணம் தெரிந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

அந்த வீதியில் காற்றுக் காலத்தில் மணல் வந்து குறுக்கே விழுந்து கிடக்கும். மணலுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு இறக்காவிட்டால் கார் புதைந்து நின்றுவிடும். தூரத்தில் வெள்ளையாக மணல் தெரிந்தபோதே என் கைகள் வியர்த்து வழுக்கத் தொடங்கின. "ரெண்டு," என்றார். இழுத்தேன். "ரெண்டு, தம்பி." இரண்டு காலையும் முன்னால் உதைத்துக்கொண்டு இழுத்தேன். கம்பி நடுவிலே வந்து நின்றுவிட்டது. கார் மணலில் ஏறி, இருமி, நின்றது. அந்த அமைதியில் அக்கா முனகுவது மட்டும் கேட்டது. கம்பியில் இருந்து விழுந்த அந்தத் துண்டு பட்டறையின் எந்த மூலையில் கிடக்கிறதோ என்று நினைத்தேன். அது மட்டும் என் கையில் இருந்தால், நானே ஒட்டிவிடுவேன் போல இருந்தது.

மாடு ஓட்டிக்கொண்டு போன இருவர் வந்து தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் பிழை விடவில்லை. மன்னார்ப் பாலத்தில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. பாலம் முடிய, வீதியை மறித்து நாலைந்து கழுதைகள் நின்றன. அத்தான் ஒலியெழுப்பியும் அவை அசையவில்லை. நின்று, மறுபடி "ஒண்டு" என்று சொல்லி, "ரெண்டு" என்று சொல்லி, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். அக்காவை உள்ளே தூக்கிக்கொண்டு போனபின் என் உள்ளங்கைகளைப் பார்த்தேன். தோல் உரிந்திருந்தது.

சாயந்தரம் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று தாதி வந்து சொன்னதும் அத்தான் சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு என் தலையில் கைவைத்து, "நீ இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன் மச்சான்," என்றார். அவர் என்னை மச்சான் என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. கம்பியை வெட்டச் சொன்னதெல்லாம் எனக்கு அந்தக் கணமே மறந்துபோனது. ஒரு காரை இலுப்பைக்கடவையிலிருந்து மன்னாருக்குக் கொண்டுவந்தவன் நான் என்பது மட்டும் மிஞ்சியது.

திங்கட்கிழமை அத்தான் கம்பியைக் கழற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனார். நான் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்த்தபடி, பட்டறைக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். வெட்டிய துண்டை மறுபடி வைத்து ஒட்டி, இம்முறை வளைத்தும் கம்பியைப் பூட்டியிருந்தார். ஒட்டின இடம் வீக்கம்போலத் தடித்திருந்தது. என்னைப் பார்த்து, "சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டார். பட்டறைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். பயம் போனதும் வாய் திறந்துகொண்டது.

பஸ் நிலையத்தடியில், பொடியன்களுக்கு முன்னால், நான்தான் கியர் போட்டுக் காரைக் கொண்டுவந்தேன் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. சாரதிகளும் சேர்ந்து சிரித்தார்கள். "அப்ப உன்ர அத்தான் என்ன செய்தவர்? நித்திரையோ?" என்றார் ஒருவர். நம்பவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அவருக்கு ரெண்டு விரல் மடங்காது. அவரால ஏலாமப் போயிட்டுது," என்றேன். சிரிப்பு நின்றது. தாராபுரத்து நானா மட்டும், "டேய், வீட்டுக்குப் போடா," என்றார். அவர் ஏன் என்மேல் கோபப்பட்டார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒருவரும் அத்தானிடம் ஒன்றும் கேட்கவில்லை. மடுவுக்குப் போகிறவர்கள் வந்தார்கள், காரைப் பார்த்தார்கள், அவருடைய கையைப் பார்த்தார்கள், அடுத்த காருக்குப் போனார்கள். அந்தத் திருவிழாக் காலம் முழுவதும் கார் பஸ் நிலையத்தடியில் வெயிலில் நின்றது. அத்தான் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா குழந்தையோடு வந்தபோது வீட்டில் பேச்சுக் குறைந்திருந்தது.

மழைக்கு முன்பு காரை முருங்கன் பக்கத்து நெல் வியாபாரி ஒருவர் வாங்கினார். கொண்டுபோய்க் கொடுக்கும் நாளில் அத்தான் என்னையும் கூட்டிப் போனார். வழியில் எல்லாக் கியரையும் அவரே போட்டார், நீளக் கம்பியல்லவா. வியாபாரி காரைச் சுற்றிப் பார்த்தார், கதவைத் திறந்து சாத்தினார், கடைசியில் குனிந்து கம்பியில் ஒட்டின இடத்தைத் தடவினார்.

"உதென்ன தழும்பு? ஆர் இதை வெட்டினது?"

நான் காரின் மறுபக்கத்துக்குப் போய் நின்றேன்.

"நான்தான் வெட்டுவிச்சனான்," என்றார் அத்தான். "ஸ்டைலுக்கு."

"பிறகேன் ஒட்டினீர்?"

"மனிசி ஏசிப்போட்டா."

வியாபாரி பெரிதாகச் சிரித்தார். அத்தானும் சிரித்தார். பஸ் வரும்வரை நாங்கள் ஒரு தேநீர்க்கடை வாசலில் நின்றோம். அத்தான் எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்துவிட்டு, தனக்கு வேண்டாம் என்றார். நான் ஆறுதலாகக் குடித்தேன். வளைக்கச் சொன்னதை அவரே மறந்துவிட்டார், இனி எனக்குப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டு, போத்தலின் அடிவரைக்கும் குடித்து முடித்தேன்.