புள்ளக்காம்பராவில் மட்டும் பேசிய தம்பி

அன்று காலை நடந்தவை:

1. ஏழு மணிக்கு மழை பிடித்தது. ரப்பர் மரங்களின் பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. அம்மாவையும் மற்ற ஆட்களையும் திருப்பி அனுப்பினார்கள்.
2. தம்பியை யட்டியாந்தோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, அம்மா நேரே தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகமான புள்ளக்காம்பராவுக்கு வந்தார்.
3. நான் ஓடிப்போய் அவரை வாசலிலேயே மறித்தேன்.

தாய்மார் வேலை முடிந்து வரும்வரை தோட்டத்துப் பிள்ளைகள் நாங்களெல்லாம் அங்கேதான் இருப்போம். எனக்கு ஐந்து வயது. தம்பிக்கு மூன்று நெருங்கியும் அவன் வீட்டில் ஒரு சொல் பேசியதில்லை. விரலை நீட்டுவான், அவன் நீட்டி முடிக்குமுன் அம்மா எடுத்துக் கொடுத்துவிடுவார்.

"புள்ளய அங்க போட்டுட்டு மலைக்கி வேலைக்கிப் போனா வாய் எப்புடித் தொறக்கும்?" என்பார் அத்தை.

ஆஸ்பத்திரியில் ஊமை என்று சொல்லிவிட்டால் அம்மா வேலையை விட்டுவிட வேண்டும் என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். எனக்குக் காதில் விழுந்தது ஆஸ்பத்திரி மட்டும்தான். ஆஸ்பத்திரி என்றால் ஊசி.

தம்பி பேசுவான் என்பது எனக்குத் தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை. வீட்டில் ஒரு மாதிரி, அங்கே ஒரு மாதிரி இருப்பதுதான் வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"உள்ள வராதம்மா! ஒன்னயப் பாத்தா பேச மாட்டான். ஜன்னல்கிட்ட நில்லு!"

உள்ளே எங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா சத்துமா உருண்டை கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண் அவர். தம்பி வரிசைக் கடைசியில் பேசாமல் உட்கார்ந்திருந்தான். 'பேசுடா, பேசுடா' என்று நான் அம்மாவின் கையைப் பிடித்துக் குதித்தேன்.

முன்னாலிருந்த பையன் இரண்டு உருண்டைகளை எடுத்தான். அவ்வளவுதான். தம்பி எழுந்து நின்றான்.

"மெயா தெகக் கத்தா! மட்டத் ஓன!"

இவன் ரெண்டு எடுத்துட்டான், எனக்கும் வேணும். தெளிவான சிங்களம். அம்மா ஜன்னலோர ஈரச் சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணிலும் தண்ணீர். நான் கைதட்டினேன்.

தம்பி ஆயம்மாவின் சீலையைப் பிடித்து இழுத்தான். "அம்மே, தவ எகக்!" அம்மா, இன்னும் ஒண்ணு.

அம்மாவின் சிரிப்பு நின்றது. திரும்பி, ஜன்னலில் அம்மாவைக் கண்ட ஆயம்மா பதறிப்போனார். "ஐயோ, எல்லாப் புள்ளையும் அப்புடித்தானே கூப்புடுது!"

ஆஸ்பத்திரிப் பயணம் நின்றது. "பேசுறது சரி, என்ன பாஷன்னு கேட்டீங்களா?" என்றார் அத்தை. அப்பாவுக்கோ ஒரே கொண்டாட்டம். "இனி தொரகிட்டச் சிங்களத்துல பேச நம்ம வீட்டுலயே ஆள் இருக்கு!"

மாலையில் அம்மா ஒரு வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியின் முன் உட்கார்ந்தார். அவன் விரலை நீட்டினான். கொடுக்கவில்லை. "நான் யாரு? சொல்லு, சாமி" என்றார். அவன் அழுதான். எனக்குப் பொறுக்கவில்லை. அவன் காதில் "பழம், பழம்" என்று ஓதினேன்.

"பழம்!" என்றான் தம்பி.

நான் வீடு முழுக்க ஆடினேன். அம்மா பழத்தைக் கொடுத்துவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார். பையன் தமிழே பேசிவிட்டானே, இதற்குமேல் இவருக்கு என்னதான் வேண்டும் என்று எனக்குக் கோபமாக வந்தது.

தம்பி இப்போது இரண்டு மொழியிலும் ஓயாமல் பேசுகிறான். அம்மா வேலையை விடவில்லை.