கஞ்சிமேல் போட்ட பழி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல் பக்கம் ஒரு கால்நடை மருத்துவமனையில் நான் டாக்டராக இருந்தேன். வருவதெல்லாம் மாடும் எருமையும்தான். நாய்க்கு வைத்தியம் கேட்டு அங்கே வந்த முதல் குடியானவப் பெண் அவள். பிள்ளையில்லாதவள். அவளும் புருஷனும் நாயைத் தூளி கட்டித் தூக்கி வந்திருந்தார்கள். அதன் அடிவயிற்றில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. மறுநாள் காலை கொண்டுவரச் சொன்னேன். வெறும் வயிற்றோடு கொண்டுவரச் சொல்ல மறந்துவிட்டேன்.

குளோரோபாரம் கொடுத்து மயக்கிக் கட்டியை எடுத்தேன். தையல் முடியும்போது நாயின் மூச்சு நின்றது. அலமாரியில் மூச்சைத் தூண்டும் மருந்து ஒரே ஒரு குப்பி இருந்தது. சண்டைக்காலம், அடுத்தது எப்போது வருமோ தெரியாது. அதை உடைத்து ஊசி போட்டேன். கொஞ்ச நேரத்தில் விலா அசைந்தது. பிறகு நாய் நீளமாக மூச்சிழுத்தது. கம்பவுண்டர் என்னைக் கும்பிடாத குறை.

அந்த மருந்தின் வேகம் சீக்கிரம் அடங்கிவிடும். உடம்பில் குளோரோபாரம் மிச்சமிருந்தால் மூச்சு மறுபடியும் நிற்கும். பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. சென்னையில் படித்தபோது பரீட்சையில் இதை எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். ஆனால் அன்று வாசலில் தாசில்தார் தம் குதிரையோடு வந்து நின்றார். நின்ற மூச்சை ஓடவைத்த கதையை அவரிடம் சொல்ல எனக்கு ஆசை. குதிரையைப் பிடிக்கக் கம்பவுண்டரையும் அழைத்துக்கொண்டு போனேன். கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் நாயின் நாக்கு நீலமாகியிருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். தொண்டை சுத்தமாக இருந்தது. விலாவை அமுக்கி அமுக்கி விட்டேன். பயனில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தவளிடம், காலையில் நாய்க்கு ஏதாவது கொடுத்தாயா என்று கேட்டேன்.

"கம்மங்கஞ்சி ரெண்டு வாய் ஊத்துனேனுங்க. பசியோட எப்படிங்க ஊட்டை உட்டுக் கூட்டியாறது?"

"அதுதாம்மா மூச்சை அடைச்சிருச்சு."

சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அவள் அழவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். புருஷன் நாயைத் தூளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டான்.

இரண்டு வருஷம் கழித்து, தொப்புளில் புழு வைத்த கன்றோடு தனியாக வந்தாள். புருஷனைப் பற்றிக் கேட்டேன். காய்ச்சல் முற்றி, சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வண்டி கட்டிப் போனார்களாம். வைத்தியம் முடிந்ததும் கொடுக்கலாம் என்று தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துப் போயிருக்கிறாள். வழியில் அவன் கேட்டும் கொடுக்கவில்லை. மல்லூர் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

"மூணு தடவை கேட்டாருங்க. நாயிக்குப் பண்ணுன தப்பை அவருக்கும் பண்ணீரக் கூடாதுன்னு மனசைக் கல்லாக்கிக்கிட்டேனுங்க. நீங்க அன்னிக்குச் சொன்னதுனாலதான் தெரிஞ்சுதுங்க, சாமி."

நன்றியாகத்தான் சொன்னாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். குனிந்து கன்றின் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

புறப்படும்போது, கன்றைத் தாயிடம் பால் குடிக்க விடலாமா என்று கேட்டாள். விடலாம் என்றேன். வாசல்வரை போனவள் கயிற்றோடு திரும்பி வந்தாள்.

"நெசமாலுமே உடலாமுங்களா?"